காலாப்பட்டு மேற்கோள்

புதிதாகக் கட்டுரை வகுப்பு எடுக்க வந்திருக்கும் நீங்கள், திருத்திய தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்து என் முன்னால் போட்டுவிட்டு, "பசங்களுக்கு மேற்கோள் காட்டவே தெரியலீங்க ஐயா" என்று அலுத்துக்கொள்கிறீர்கள். எனக்குச் சிரிப்புதான் வருகிறது. தெரியாமல் இல்லை, தம்பிகளா. தேவைக்கு மேல் தெரிந்திருக்கிறது, அதுதான் தொல்லை. ஓய்வு பெற்றவனிடம் யோசனை கேட்டால் கதைதான் கிடைக்கும் என்று தெரிந்துதானே வருகிறீர்கள்? கேளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் சட்டம் படிக்கச் சேரும் மாணவர்களுக்குக் கட்டுரைப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பாடம் நடத்துகிறவர் பேராசிரியர். அவர் நடத்தியதை மறுபடியும் சொல்லி, எழுதவைத்து, திருத்திக் கொடுக்கிறவன் நான். பிரெஞ்சில் அதற்கு 'ரெபெத்தித்தேர்' என்று பெயர். கேட்கக் கம்பீரமாக இருக்கும். வகுப்பில் பையன்களுக்கு நான் 'முசியே', அதாவது ஐயா. ஊரில் என்னைத் "திரும்பச் சொல்ற வாத்தியாரு" என்றுதான் கூப்பிட்டார்கள்.

என்னிடம் வந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கட்டுரையில் முதல் பரிசு வாங்கியவர்கள். 'நட்பு' என்று தலைப்புச் சொன்னால், யோசிப்பதற்கு முன்பே மூன்று பெரியவர்களின் வாக்கியம் கையில் வந்து நிற்கும். 'கடமை' என்றால் இன்னும் நாலு. அவற்றை வரிசையாகக் கோத்து, நடுநடுவே 'ஆகவே', 'ஆனாலும்' என்று நார் வைத்துக் கட்டினால் கட்டுரை முடிந்தது. சொன்னவர் பெரியவர், ஆகவே அவர் சொன்னது சரி, ஆகவே அதை எழுதிய நானும் சரி. பள்ளிக்கூடத்தில் இது செல்லுபடியானது. சட்டப் படிப்பில் முதல் வாரமே பேராசிரியர் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அவர் சொன்னார், சரி. அதனால் என்ன?" என்று கேட்பார். பையன் முழிப்பான். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மேற்கோளைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு கட்டுரையைப் படிக்கச் சொல்வேன். மூடிய பிறகும் வாதம் குறையில்லாமல் நின்றால், அந்த மேற்கோள் சும்மா வந்து உட்கார்ந்திருக்கிற விருந்தாளி. அடித்துவிடு என்பேன். வாதம் சரிந்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். பையன்கள் சிவப்பு மையைவிட என் கட்டைவிரலுக்குத்தான் பயந்தார்கள்.

தேர்வு வந்தால் இன்னொரு தொல்லை. தாளின் மேல் மூலையில் பேரை எழுதி, மூலையை மடித்து ஒட்டிவிட வேண்டும். திருத்துகிறவருக்கு யார் எழுதியது என்று தெரியக் கூடாது. எழுதியவரை அடையாளம் காட்டுகிற எந்தக் குறி இருந்தாலும் தாள் செல்லாது என்பது விதி. நம் பிள்ளைகளோ பேனாவைத் தொட்டதும் தாள் தலையில் பிள்ளையார் சுழி போடுகிறவர்கள், வேதக்காரப் பிள்ளைகள் சின்னதாக ஒரு சிலுவை. இரண்டும் கூடாது என்று நான் சொன்னபோது வகுப்பே இடிந்துபோய் உட்கார்ந்திருந்தது. "சுழி போடாம எப்படி முசியே கை ஓடும்?" என்று ஒருவன் நிஜமாகவே அழுகிற குரலில் கேட்டான். மேசைமேல் விரலால் போட்டுக்கொள் என்றேன். அந்த வருஷத் தேர்வில் பாதிப் பேர் மணி அடித்ததும் மரமேசையைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்து, மேற்பார்வைக்கு வந்த பிரெஞ்சுக்காரர் தூசி துடைக்கிறார்களா என்று என்னைக் கேட்டார்.

இனி நான் சொல்ல வந்த கதை. வகுப்பில் இரண்டு பேர் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். ஒருவன் சவரி. டவுனில் பிறந்து வளர்ந்த வேதக்காரப் பையன், அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. வீட்டிலேயே பிரெஞ்சு பேசிப் பழகியவன். இன்னொருவன் வேலாயுதம். காலாப்பட்டில் வலைத்தொழில் செய்கிற குடும்பம். அந்த ஊரிலிருந்து சட்டம் படிக்க வந்தவன் அவன் ஒருவன்தான். வார நாளில் சவரி வீட்டு மாடியில் தங்கிக்கொள்வான். அவனுடைய சித்தப்பா சைகோனில் ஒரு கிடங்கில் இருந்தார். பையன் படிப்பில் தட்டுத் தடுமாறினால் கப்பலேறி அங்கே வேலைக்குப் போய்விட வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவனுக்கோ சைகோன் என்றாலே வேப்பங்காய்.

ஒருநாள் கட்டைவிரல் பாடம் நடந்துகொண்டிருந்தது. வேலாயுதம் தயங்கித் தயங்கி எழுந்தான்.

"முசியே, அச்சுல வராதவங்க சொன்னத மேற்கோள் காட்டலாமா? எங்க ஊர்ல பெரியவங்க ஞாயம் பேசறப்ப சொல்லுவாங்களே, அந்த மாதிரி?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆர்வம்தான் வந்தது. அதுவரை அதை நான் யோசித்ததே இல்லை. கொஞ்ச நேரம் நடந்துவிட்டுச் சொன்னேன்: "காட்டலாம். ஆனா புத்தகத்துக்குப் பக்கம் போடற மாதிரி இதுக்கும் போடணும். யார் சொன்னது, எந்த எடத்துல, எந்த வேலைக்கு நடுவுல, நீ காதால கேட்டியா, இல்ல கேட்டவன் சொல்லிக் கேட்டியா. இவ்வளவும் எழுதினா, அதுவும் மேற்கோள்தான்."

அவன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான். அதோடு அதை நான் மறந்துவிட்டேன்.

அந்த வருஷத் தேர்வுக் குழுவில் முதல்முறையாக எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. அதற்காக வருஷக்கணக்கில் ஏங்கியிருக்கிறேன், மறைப்பானேன். குழுவில் மூன்று பேர். தலைவர் ஒரு பிரெஞ்சு நீதிபதி. வயதானவர், ஆனால் எதையும் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டார். கடைத்தெருவில் போகும்போது மிளகாயைக்கூடக் கடித்துப் பார்க்கிற ஆள். இரண்டாமவர் அப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கியிருந்த இளம் பேராசிரியர். விதி என்றால் விதி அவருக்கு. இருவருக்கும் தமிழ் தெரியாது. மூன்றாவது ஆள் நான்.

தலைப்பு, 'எழுதிவைக்காத வழக்கத்துக்குச் சட்டத்தின் பலம் உண்டா?' என்பது. பிரெஞ்சில் எழுதிய தாள்கள் எல்லாம் ஒரே கையெழுத்தாகத் தெரிந்தன. ஒரே பள்ளிக்கூடத்துப் பாதிரிச் சாமியார்களிடம் உருட்டி உருட்டி எழுதப் பழகிய பிள்ளைகள், எழுத்தை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. ஒரு தாளில் வரிக்கு வரி மேற்கோள். ரோமாபுரியில் ஆரம்பித்துப் பாரீஸ் வரைக்கும் ஒரு பெரியவரையும் விடவில்லை. என் கட்டைவிரலை வைத்து மூடினால் தாளில் மிச்சம் வெள்ளைதான். 'இவர் தன் வாயால் ஒரு வார்த்தை பேசவில்லை' என்று ஓரத்தில் எழுதி, தேறாத மார்க்கு போட்டேன். மற்ற இருவரும் அதையே போட்டார்கள்.

அதற்குச் சில தாள்கள் தள்ளி இன்னொன்று. அதில் ஒரே ஒரு மேற்கோள். 'கயிற்றில் கை வைத்தவன் எந்த ஊரானாக இருந்தாலும் அவனுக்குப் பங்கு உண்டு. அது தயவால் வருவது அல்ல, பாத்தியத்தால் வருவது.' அடியில் இப்படிக் குறிப்பு: 'காலாப்பட்டுக் கரையில், கரைவலை இழுத்து முடித்துப் பங்கு பிரிக்கும்போது, ஊர் நாட்டார் சொல்ல நேரில் கேட்டது.' நாட்டார் என்றால் மீனவ ஊரின் தலைவர். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு, எழுதிவைக்காத வழக்கம் வெளியாளையும் எப்படிக் கட்டுப்படுத்துகிறது, வெளியாளுக்கும் எப்படி உரிமை கொடுக்கிறது என்று அடுக்கடுக்காக வாதம் போயிருந்தது. மேற்கோளை மூடினால் கட்டுரையே விழுந்துவிடும்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த நிமிஷமே குறிப்பை மறுபடி படித்தேன். யார், எந்த இடத்தில், எந்த வேலைக்கு நடுவில், நேரில் கேட்டதா என்று நான் சொன்னபடியே குறிப்பு இருக்கிறதே! இது வேலாயுதம்தான். படுபாவி, ஊர்ப் பேரையே எழுதிவைத்திருக்கிறான்!

இளம் பேராசிரியர் அதை உடனே பிடித்துக்கொண்டார். "நல்ல கட்டுரை, ஆனால் செல்லாது. ஒரு மீனவ ஊரின் பேரை யார் எழுதுவார்? அந்த ஊர்க்காரர்தான் எழுதுவார். நம் மாணவர்களில் அந்த ஊர்க்காரர் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? இது கையெழுத்துப் போட்டதற்குச் சமம்."

விதி எனக்கும் தெரியும். ஒருவன் தேறாமல் போனால் சில மாதம் கழித்து இரண்டாம் தவணையில் மறுபடி எழுதலாம். தாள் செல்லாது என்று ஆகிவிட்டால் இரண்டாம் தவணையும் கிடையாது, அடுத்த வருஷமும் கிடையாது. வேலாயுதத்துக்கு அப்படி ஆனால் சைகோன் கப்பல்தான்.

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் இவர்களோடு தினமும் பழகுகிறவர். இது யாருடைய தாள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமே?"

இந்த மாதிரிக் கேள்விக்கு உங்களைத் தயார்ப்படுத்த எந்தப் பாடத்திட்டத்தாலும் ஆகாது. தெரியும் என்றால் அந்தக் கணமே தாள் செத்துப்போகும். தெரியாது என்றால் அது பொய். இரண்டு வெள்ளைக்காரர்களும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஊகம் இருக்கிறது, முசியே," என்றேன் கடைசியில். "தெரியும் என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை."

நீதிபதி மேசையைத் தட்டினார். "அப்படியானால் சொல்ல வேண்டாம். ஊகத்தை வைத்து நான் எந்த வழக்கும் முடித்ததில்லை." பிறகு தாளைக் கையில் எடுத்து, மேற்கோளை வாய்விட்டு மறுபடி படித்தார். அவர் கண் மின்னியது. "எனக்கு ஒன்று தோன்றுகிறது. இந்த வழக்கம் உண்மையிலேயே கடற்கரையில் எல்லார் முன்னாலும் நடக்கிறது என்றால், அந்தப் பக்கம் போன யார் வேண்டுமானாலும் அதைக் கேட்டிருக்கலாம். அப்போது இது யாரையும் அடையாளம் காட்டவில்லை. இப்படி ஒரு வழக்கமே இல்லை என்றால் இவர் மேற்கோளைக் கற்பனை செய்திருக்கிறார், தாளைத் தூக்கி எறியலாம். புத்தகத்து மேற்கோள் என்றால் நூலகத்தில் போய்ச் சரிபார்ப்போம். இதையும் போய்ச் சரிபார்ப்போமே?"

பேராசிரியர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். முறைக்குள் அடங்குகிற எதையும் அவர் மறுக்கமாட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நீதிபதியின் மோட்டார் வண்டியில் கிளம்பினோம். கருவடிக்குப்பம் தாண்டியதும் முந்திரித் தோப்பு, பனைமரம், செம்மண். பிறகு இங்கிலீஷ்காரன் எல்லை. காலாப்பட்டு நம் புதுச்சேரியைச் சேர்ந்ததுதான் என்றாலும் நடுவில் அவன் மண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். சாவடியில் வண்டியை நிறுத்தி, எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். "ஒரு மேற்கோளைச் சரிபார்க்க" என்றார் நீதிபதி. நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். சாவடிக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வண்டியின் பின்பெட்டியைத் திறந்து சாராயம் இருக்கிறதா என்று தேடினார்.

வழி முழுக்க எனக்கு ஒரே பயம். நாட்டார் வாயிலிருந்து வேலாயுதத்தின் பேர் வந்துவிட்டால்? எங்கள் ஊர்ப் பையன் உங்களிடம் படிக்கிறானே என்று அவர் சாதாரணமாகக் கேட்டுவிட்டால்?

கரையில் பார்த்த திசையெல்லாம் ஆட்கள். கடலுக்குள் விட்டிருந்த கரைவலையின் இரண்டு கயிறுகளையும் இரண்டு கூட்டமாகப் பிரிந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். நாட்டார், நல்ல கறுத்த உடம்பும் நரைத்த மீசையுமாக, நடுவில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் போய் வணக்கம் சொல்லி, "இவுரு கோர்ட்டு நீதிபதிங்க. ஒங்க ஊரு வழக்கத்தப் பத்தி ஒண்ணு கேக்கணும்னு வந்திருக்காரு" என்றேன்.

அவர் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவர் பயந்துவிட்டார் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நீதிபதி பிரெஞ்சில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன்: "வலை இழுக்கறப்ப, கயித்துல கை வச்சவன் எந்த ஊரானா இருந்தாலும் பங்கு உண்டுன்னு இங்க ஒரு சட்டம் இருக்காமே, நெசமா?"

"சட்டமா?" என்றார் நாட்டார். "எங்ககிட்ட ஏதுங்க சட்டம்? அப்படியெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க. சர்க்காரு சொல்றதுதான் எங்களுக்குச் சட்டம்."

"நீங்க அப்படிச் சொன்னதா ஒருத்தர்..."

"நான் சொல்லலீங்க. யாரு சொன்னது? நான் ஒண்ணும் சொல்லல."

இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் சொன்னதில் ஒரு சொல்கூட அவர்களுக்குப் புரியவில்லை. இதை எண்ணிப் பாருங்கள், தம்பிகளா. 'ஆமாம் என்கிறார்' என்று பிரெஞ்சில் ஒரே ஒரு வார்த்தை. அங்கே என்னைப் பொய்யன் என்று சொல்ல ஒரு ஆளும் இல்லை. ஒரு பையனுடைய வாழ்க்கை என் நாக்கு நுனியில் இருந்தது. நாட்டார் பயத்தில்தான் மறுக்கிறார், உண்மை அதுவல்ல என்றும் எனக்கு நன்றாகத் தெரியும். உண்மைக்காக ஒரு பொய் சொன்னால் என்ன என்று மனசு வாதாடியது, சத்தியமாகச் சொல்கிறேன்.

ஆனால் மேற்கோள் என்பதே இதுதானே? ஒருத்தர் சொன்னதை, அவர் சொன்னபடி, புரியாதவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. நமக்கு வேண்டியதை அவர் சொல்லவில்லை என்பதற்காக அவர் வாயில் நாம் வார்த்தையைத் திணித்தால், வகுப்பில் நான் வருஷம் முழுக்கக் கத்தியதெல்லாம் வெறும் காற்று. அன்றைக்கு என்னுடைய வேலை திரும்பச் சொல்வது. திரும்பச் சொன்னேன்.

"அப்படி ஒரு சட்டம் இல்லை என்கிறார். அப்படித் தான் சொல்லவில்லை என்றும் சொல்கிறார்."

சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பேராசிரியர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "அப்போது முடிந்தது" என்றார். அவர் சந்தோஷப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நல்ல கட்டுரை வீணாகிறதே என்று அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

நீதிபதி மட்டும் கிளம்பவில்லை. அவர் கண் கயிற்றின் மேலேயே இருந்தது. மிளகாயைக் கடித்துப் பார்க்கிற மனுஷன் என்று சொன்னேனே. சப்பாத்தைக் கழற்றி, கால்சராயை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, இழுக்கிறவர்களின் கடைசியில் போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டார். ஆட்கள் முதலில் திகைத்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு அவரை மறந்துவிட்டு இழுத்தார்கள். வலை கரை ஏறுவதற்குள் அவர் முகம் தக்காளியாகச் சிவந்து, சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

மீனை மணலில் கூறு கூறாகப் போட்டுப் பிரித்தார்கள். நாங்கள் வண்டியை நோக்கித் திரும்பும்போது நாட்டார் இரண்டு பாரை மீனைக் கொண்டுவந்து நீதிபதியின் காலடியில் வைத்தார்.

நீதிபதி பதறிப்போனார். "வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் நீதிபதி. நான் யாரிடமும் பரிசு வாங்கக் கூடாது."

நான் சொன்னேன். நாட்டாருக்குச் சுரீரென்று கோபம் வந்துவிட்டது. "பரிசா? இங்க யாரு பரிசு குடுத்தா? நாங்க ஒண்ணும் தயவு பண்ணலீங்க. கயித்துல கை வச்சாரு இல்ல? பங்கு உண்டு. எந்த ஊருகாரரா இருந்தா எங்களுக்கென்ன? எடுத்துக்கினு போவச் சொல்லுங்க, வாணாம்னா எங்களுக்குத்தான் அசிங்கம்!"

ஒரு சொல்லைக் கூட்டாமல், ஒரு சொல்லைக் குறைக்காமல், கோபத்தைக்கூட விடாமல் பிரெஞ்சில் சொன்னேன். பேராசிரியர் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். தாளிலிருந்த மேற்கோளை அதில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். என்னை இன்னொருமுறை சொல்லச் சொல்லி, சொல் சொல்லாக ஒப்பிட்டுப் பார்த்தார்.

"வரிசை மாறியிருக்கிறது," என்றார். "அசிங்கம் என்பது மேற்கோளில் விட்டுப்போயிருக்கிறது."

நீதிபதி வாய்விட்டுச் சிரித்தார். பேராசிரியர் சிரிக்கவில்லை, ஆனால் சீட்டை மடித்துக்கொண்டே, "தாள் செல்லும்" என்றார். நீதிபதி இரண்டு மீனையும் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். எனக்கும் பேராசிரியருக்கும் மீன் கிடைக்கவில்லை. நாங்கள் கயிற்றைத் தொடவில்லையே.

திரும்பும்போது ஒன்று விளங்கியது. நீதிபதி வந்திருக்கிறார், சட்டம் இருக்கிறதா என்று கேட்டது நான். அப்படிக் கேட்டால் யார் ஆமாம் என்பார்? மேற்கோள் வேண்டுமென்றால் வேலைக்கு நடுவில் போய் நிற்க வேண்டும். அந்தக் கட்டுரையை எழுதியவன் நின்றிருக்கிறான். வேலாயுதம் வலைக்காரர் வீட்டில் பிறந்தவன், நிற்காமல் என்ன செய்வான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் மூலைகளைப் பிரித்தோம். நீதிபதி பேனாக்கத்தியால் ஒட்டலை நீக்கி ஒவ்வொரு பேராகப் படித்தார். காலாப்பட்டுத் தாள் வந்தது. எல்லாவற்றிலும் அதற்குத்தான் அதிக மார்க்கு. நீதிபதி பேரைப் படித்தார்.

சவரி.

எனக்குக் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். சவரிதான். டவுனில் பிறந்து, பிரெஞ்சு பேசி வளர்ந்த சவரி. ஊகம் என்று சொன்னதோடு அன்றைக்கு நான் நிறுத்தியிருக்காவிட்டால், வேலாயுதம் என்று நம்பிச் சவரியின் படிப்பையே முடித்திருப்பேன்.

இன்னும் சில தாள் தள்ளி, ரோமாபுரியிலிருந்து பாரீஸ் வரை மாலை கட்டிய தாளின் மூலை பிரிந்தது. வேலாயுதம். தேறவில்லை.

அன்று சாயங்காலம் அவனைக் கடற்கரையில், கப்பல் பாலத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். முடிவு அவனுக்குத் தெரிந்திருந்தது. சவரி தேறியதில் அவனுக்கு நிஜமான சந்தோஷம், முகத்தில் ஒளிவு மறைவு இல்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

"ஒங்க ஊரு நாட்டாரு சொன்னது சவரிக்கு எப்படிடா தெரியும்?"

"மாசி மகத்துக்கு எங்க ஊட்டுக்கு வந்திருந்தான் முசியே. ரெண்டு பேரும் வலை இழுத்தோம். அவனுக்கு மீன் குடுத்தாங்க, அவன் வாணாம்னான், நாட்டாரு சத்தம் போட்டாரு." சொல்லும்போதே சிரித்தான். "தலைப்பப் பாத்ததும் எனக்கு அதுதான் மொதல்ல ஞாபகம் வந்திச்சு. அவனும் அதத்தான் எழுதுவான்னு தெரியும். ஏன்னா பரீச்சைக்கு முந்தின நாளே சொல்லிவச்சிருந்தேன். வழக்கத்தப் பத்திக் கேட்டா நீ அத எழுதுடா, நான் எழுத மாட்டேன்னு."

"நீ ஏண்டா எழுதல? வகுப்புல எழுந்து கேட்டதே நீதானே? நான் எழுதலாம்னு சொன்னேன் இல்ல?"

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. பாலத்தின் இரும்புத் தூணைக் கையால் தடவிக்கொண்டே நின்றான்.

"அவன் எழுதினா அது மேற்கோளு முசியே. நான் எழுதினா அது என் பேர எழுதின மாதிரி. காலாப்பட்டுன்னு பாத்தா நான்தான்னு தெரிஞ்சிடாதா? தாளு செல்லாதுன்னுட்டா சைகோனுக்குத்தான் போவணும். அதான் யாராருதோ எடுத்து எழுதினேன்."

அவன் கணக்கு ஒன்றும் தப்பில்லை. காலாப்பட்டு என்று பார்த்ததும் அவன்தான் என்று முடிவுகட்டிய ஆள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேனே. எடுத்துக் காட்டுவது எப்படி என்று வருஷம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். தன்னுடையதை எடுத்துக் காட்டினால் யாருக்கு என்ன ஆகும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பிள்ளைகள் ஊரார் வாக்கியத்தை அள்ளிக் கொட்டும்போது நீங்கள் சிவப்பு மையை எடுக்கிறீர்கள். எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால், எதை எழுதப் பயந்து இதை எழுதினாய் என்று ஒருவனையாவது கூப்பிட்டுக் கேட்டுவிட்டு எடுங்கள்.

இரண்டாம் தவணைக்குக் குழு அமைக்கும்போது நீதிபதியிடம் போய், என் நாற்காலியில் வேறொருவரை உட்காரவைக்கச் சொன்னேன். காரணம் கேட்டார். சொல்ல முடியாது என்றேன். பட்டியலில் என் பேரை அடித்துவிட்டார். அந்த நாற்காலி மறுபடி எனக்குக் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அன்றைக்கே வேலாயுதத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "இந்தத் தடவ குழுவுல நான் இல்ல. இருக்கறவங்க யாருக்கும் நீ எந்த ஊருன்னு தெரியாது. ஒனக்குத் தெரிஞ்சத, தெரிஞ்ச எடத்தோட எழுது."

என்ன எழுதினான் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தாளை நான் பார்க்கவே இல்லை. அவன் கப்பல் ஏறவில்லை என்பது மட்டும் தெரியும்.